கறுப்புத் துணிக்கு அடியில் அத்தை

முதல் உலகப் போர் முடிந்து, விஷக்காய்ச்சலும் ஓய்ந்ததற்கு மறு ஆண்டு என்று வைத்துக்கொள்கிறேன். மாதம் பற்றி எனக்கும் என் அண்ணனுக்கும் இன்றுவரை தகராறு. தசராவுக்குப் பிறகு என்பார் அவர். வழியெல்லாம் ராகிக் கதிர் பால் பிடித்திருந்ததால், தசராவுக்கு முன்புதான் என்பேன் நான். ராமாபுரத்துப் பக்கமுள்ள எங்கள் ஊர் அன்று கோயம்புத்தூர் ஜில்லா. ஜில்லா எல்லையைத் தாண்டினால்தான் மகாராஜாவின் சீமை. அந்த எல்லையைத் தாண்டி, அத்தை கன்னியாஸ்திரீ ஆவதைப் பார்க்க மைசூருக்குப் போனோம்.

அப்பாவையும் அத்தையையும் பெற்ற அப்பாரு மட்டும் வரவில்லை. காட்டு வேலையில் அவருக்குச் சமமாக நின்றவர் அத்தை. “வெதைச்சவன் வூட்டுல இருக்கோணும். நீங்க போங்க” என்று முதுகைக் காட்டிக்கொண்டு சொன்னார்.

எனக்கு ஏழு வயது. மடத்துக் கோயிலில் அத்தை பீடத்துக்கு முன்னால் குப்புறப் படுத்தார். அவர்மேல் பெரிய கறுப்புத் துணி ஒன்றை விரித்து, நான்கு மூலையிலும் மெழுகுவர்த்தி ஏற்றினார்கள். துக்கமணி விட்டுவிட்டு ஒலித்தது. உலகத்துக்கு இறந்து கடவுளுக்குப் பிறப்பதன் அடையாளம் அது என்பது பெரியவர்களுக்குத் தெரியும். எனக்குத் தெரிந்ததோ, முந்தின ஆண்டுக் காய்ச்சலில் எங்கள் தெருவில் துணி மூடிக் கிடந்தவர் ஒருவரும் எழுந்ததில்லை என்பதுதான். வீறிட்டு அழுதேன். அம்மா என் வாயைப் பொத்தி வெளியே தூக்கிப் போனார். அந்தத் துணியை எடுத்ததை நான் பார்க்கவே இல்லை.

திரும்பும் வழியில் கேட்டபோது, சாமியார் பிரசங்கத்தில் சொன்னதையே அப்பா சொன்னார்.

“அத்தை உலகத்துக்குச் செத்துட்டா, கண்ணு. இனி அந்தப் பேருகூடக் கெடையாது.”

அழாமல் சொன்னார். அது இன்னும் பயமாக இருந்தது.

இரண்டு ஆண்டு கழித்து, அதே மடத்துப் பள்ளி விடுதியில் என்னைச் சேர்த்தார்கள். கணக்குப் பாடத்துக்கு வந்த கன்னியாஸ்திரீயைப் பார்த்ததும் என் கையிலிருந்த பலப்பம் கீழே விழுந்தது. அத்தையின் முகம். பெயர் மட்டும் என் வாயில் நுழையாத ஏதோ சீமைப் புனிதையின் பெயர். என்னைப் பார்த்தவர், அறியாதவர் போலக் கண்ணைத் திருப்பிக்கொண்டு, “அடுத்த பிள்ளை” என்றார். சொந்தக்காரப் பிள்ளையிடம் தனிப் பாசம் காட்டக்கூடாது என்பது மடத்து ஒழுங்கு. அதை எனக்கு யாரும் சொல்லவில்லை. எனக்குத் தெரியாது என்பதும் யாருக்கும் தெரியவில்லை.

செத்தவர்களுக்குக் கால் தரையில் பாவாது என்று கேள்விப்பட்டிருந்தேன். அவருடைய அங்கியோ தரையைத் தொட்டது. குனிந்து குனிந்து பார்த்தேன். பக்கத்தில் இருந்தவள் மைசூர் தேவராஜ மொஹல்லாக் கடைத்தெருவில் கடை வைத்திருந்தவர் மகள்.

“ஏய் ஹள்ளிப் பொண்ணே, சிஸ்டர் அங்கிக்குள்ளே என்ன தேடுறே? உங்க ஊர்க் கோழியா?”

ஹள்ளி என்றால் கன்னடத்தில் பட்டிக்காடு. வகுப்பே சிரித்தது. சிஸ்டர் சிரிக்கவில்லை.

அதன்பின் கேள்விகள் தொடங்கின. என் பலகையைத் திருத்தக் குனியும்போது, உதடு அசையாமல் கேட்பார்: “மேக்காட்டுக் கெணத்துல தண்ணி நிக்குதா?” இன்னொரு நாள்: “மயிலைக்கு இந்த ஈத்து காளையா, கிடாரியா?”

மயிலை எங்கள் பசு. அதைப் பற்றி மைசூரில் நான் யாரிடமும் பேசியதில்லை. “கிடாரிங்க” என்று பலகையைப் பார்த்தபடியே சொன்னேன். அவர் ஒன்றுமே கேட்காதவர் போல நிமிர்ந்து அடுத்த பலகைக்குப் போய்விட்டார். கிணறு, மாடு, மழை, விதைப்பு. மனிதர்களைப் பற்றி ஒருபோதும் கேட்டதில்லை.

தவக்காலம் தொடங்கிய வாரம் அப்பா வந்தார். அப்பாரு படுத்த படுக்கையாகிவிட்டதாக அவர் மடத்துத் தாயாரிடம் சொன்னது என் காதில் விழுந்தது. அன்று மாலை எல்லோரும் ஜெபத்துக்குப் போய்க்கொண்டிருந்தபோது, தாழ்வாரத்தில் சிஸ்டர் என்னை மட்டும் நிறுத்தினார். அங்கே இன்னும் விளக்கு ஏற்றவில்லை. வெள்ளைத் துணி சுற்றிய முகம் மட்டும் இருட்டில் மிதந்தது.

“அப்பாருக்கு ரொம்ப முடியலையா?”

இறந்தவர்கள் ஒருவரை விசாரிப்பது எதற்கென்று என் வயதுப் பிள்ளைகள் எல்லோருக்கும் தெரியும். கூட்டிக்கொண்டு போகத்தான். நான் அந்த அங்கியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

“அப்பாருவைக் கூட்டிக்கிட்டுப் போயிராதீங்க, அத்தை. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்.”

அவர் குனிந்து என் முகத்தைப் பார்த்தார். நான் அவரை யாரென்று நினைத்துக்கொண்டிருக்கிறேன் என்பது அப்போதுதான் அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். வாய் சிரிப்பது போலக் கோணியது.

“என்னைப் பாக்கறதுக்கு ஒருக்காகூட வராதவரு, என்கூட மட்டும் வந்துருவாரா, கண்ணு?”

கோயில் மணி அடித்தது. மணிக்கு ஒரு நாளும் பிந்தாதவர், அது ஓய்ந்த பிறகும் சுவரைப் பிடித்தபடி அங்கேயே நின்றார். நான் ஓடிவிட்டேன். அப்பாரு வரமாட்டார் என்று அத்தை தன் வாயாலேயே சொல்லிவிட்டார். இனி அப்பாருக்கு ஆபத்தில்லை. அன்று ராத்திரி, மைசூருக்கு வந்த பிறகு முதல் முறையாக, இன்னொரு களி உருண்டை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.