கம்பளிக் கோட்டும் கல்லூரி இடமும்

சென்னைப் பொறியியல் கல்லூரியில் படித்தால்தான் படிப்பு, மற்றதெல்லாம் சும்மா என்று நினைத்திருந்தவன் நான். அறுபதுகளின் தொடக்கத்தில், கொடைக்கானலிலிருந்து அங்கே நேர்முகத் தேர்வுக்குக் கிளம்பியபோது அப்பா தன் கல்யாணக் கம்பளிக் கோட்டை எனக்கு மாட்டிவிட்டார். "ஏலே, இதக் கழட்டிராத. அங்க வாரதெல்லாம் பெரிய எடத்துப் பிள்ளைங்க."

சென்னையில் ஜூன் மாத வெயில். கல்லூரி வராந்தாவில் காத்திருக்கும்போதே கோட்டுக்குள் சட்டை தொப்பலாக நனைந்து, எனக்குக் கண்ணை இருட்டியது. பக்கத்திலிருந்த திருச்சிப் பையன், முன்பின் தெரியாதவன், என்னைக் குழாயடிக்கு இழுத்துப்போய் முகம் கழுவவிட்டான். தன் சட்டையைக் கழற்றி நீட்டினான்.

"அப்ப நீங்க?"

"உங்க கோட்டு இருக்குல்ல?" என்று சிரித்தான்.

நான் தேர்வு முடிந்து வெளியே வந்தபோது, என் ஈரச் சட்டைக்கு மேல் அந்தக் கோட்டை மாட்டிக்கொண்டு அவன் உள்ளே போனான்.

எனக்கு இடம் கிடைத்தது. அவனுக்குக் கிடைக்கவில்லை. கோவைக் கல்லூரியில் சேர்ந்தான்.

அந்த டிசம்பரில் கடிதம் போட்டு அவனை வீட்டுக்கு வரவழைத்தேன். குளிரில் பல் தந்தியடிக்க நின்றவனுக்கு அப்பா அதே கோட்டைப் போட்டுவிட்டார்.

"ரெண்டு காலேஜுல எது தம்பி ஒசத்தி?"

"இவரு காலேஜுதாங்க," என்றான், கொஞ்சமும் யோசிக்காமல்.

நான் தலையாட்டவில்லை. இவனை வேண்டாம் என்ற கல்லூரியை உசத்தி என்று சொல்ல, அன்றிலிருந்து எனக்கு வாய் வந்ததே இல்லை.