மொட்டைமாடிப் பட்டியலில் காணாமல் போன பாட்டுகள்

முட்டிவலிக்காகப் போனபோது டாக்டர் இரண்டு விஷயம்தான் சொன்னார். எடையைக் குறைக்க வேண்டும், தினமும் அரைமணி நேரமாவது கைகாலை அசைக்க வேண்டும். தனியாகச் செய்தால் மூன்றாம் நாளே விட்டுவிடுவேன் என்று எனக்குத் தெரியும். அதனால் மல்லேஸ்வரத்தில் நாங்கள் இருக்கும் அடுக்ககத்துப் பெண்களிடம் கேட்டுப் பார்த்தேன். மூன்று பேர் வருவதாகச் சொன்னார்கள். காலை ஆறரை மணிக்கு, தண்ணீர்த் தொட்டிக்கும் துணிக்கொடிக்கும் நடுவே இருந்த இடத்தில் நால்வரும் நிற்க ஆரம்பித்தோம்.

பாட்டு என் பொறுப்பு. போனில் பாட்டுக் கேட்கிற ஆப் ஒன்று வைத்திருந்தேன். அதில் எங்களுக்கென்று ஒரு பிளேலிஸ்ட் போட்டேன். மூன்று ஞாயிற்றுக்கிழமை மதியங்கள் அதற்கே போயின. கழுத்தைச் சுற்றுவதற்கு மெதுவான பாட்டு, தோளுக்குக் கொஞ்சம் வேகமானது, நின்ற இடத்திலேயே ஓடுவதற்குத் தவில் முழங்கும் ஒன்று, கடைசியில் மூச்சு வாங்கிக்கொள்ளப் புல்லாங்குழல். பெரும்பாலும் நான் கல்லூரியில் படித்த காலத்துத் தமிழ்ப் பாட்டுகள். ஒரு மாதத்தில் எந்தப் பாட்டுக்கு எந்த அசைவு என்பது எல்லோருக்கும் மனப்பாடமாகிவிட்டது. நான் வாயையே திறக்க வேண்டியதில்லை. பாட்டு மாறினால் கைகால் தானாக மாறும். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட இருந்தது.

அப்போதுதான் இரண்டாம் மாடிக்கு ஒரு குடும்பம் வந்தது. அந்த அம்மாவுக்கு என் வயதுதான் இருக்கும். மைசூர்க்காரர், வீட்டில் கன்னடம். முதல் வாரமே எங்களோடு சேர்ந்துகொண்டார். பத்து நாள் கழித்து, பாயைச் சுருட்டும்போது என்னிடம் கேட்டார்.

"தப்பா நினைக்காதீங்க ரீ. எங்க ஹாடு... பாட்டு கூட ரெண்டு போடலாமா? கன்னடத்துல?"

"தாராளமா போடுங்க. நீங்களே சேக்கிற மாதிரி பண்ணித் தர்றேன்" என்றேன்.

அந்த ஆப்பில் ஒரு பட்டியலைப் பலருக்குப் பொதுவாக்கலாம். நான் அனுப்பும் இணைப்பைத் தொட்டால் யார் வேண்டுமானாலும் பாட்டுச் சேர்க்கலாம், எடுக்கலாம். எங்கள் வாட்ஸாப் குழுவில் போட்டுவிட்டேன். அவர் நான்கு பாட்டுச் சேர்த்தார். சும்மா கடைசியில் தள்ளிவிடாமல், வேகம் பார்த்துப் பொருத்தமான இடத்தில் செருகியிருந்தார். அதில் ஒன்று எனக்கு மிகவும் பிடித்துப்போனது. அவரிடம் சொன்னேன். முகம் மலர்ந்துபோயிற்று அவருக்கு.

மூன்று வாரம் ஒழுங்காகப் போனது. ஒரு திங்கட்கிழமை, தோள் பயிற்சி முடிந்து எல்லோரும் ஓடுவதற்கு முட்டியைத் தூக்கி நின்றோம். தவில் வரவில்லை. புல்லாங்குழல் வந்தது. தூக்கிய காலோடு ஐவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். போனை எடுத்துப் பார்த்தேன். தவில் பாட்டு பட்டியலிலேயே இல்லை.

என் விரல்தான் எங்கேயோ பட்டிருக்கும் என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்து தேடினேன். அதே பாட்டை யாரோ மெதுவாக்கி மழைச்சத்தம் கலந்து போட்டிருந்தார்கள். குரலில்லாமல் வெறும் இசையாக ஒன்று. முன்பின் தெரியாத ஒரு பையன் பாடியது ஒன்று. நான் சேர்த்திருந்த அசல் மட்டும் இல்லை. அரைமணி நேரம் தேய்த்துத் தேய்த்து, ஏதோ ஒரு தொகுப்புக்குள் ஒளிந்திருந்த அசலைப் பிடித்து மறுபடி சேர்த்தேன்.

நான்கு நாள் ஓடியது. ஐந்தாம் நாள் அதையும் காணோம். கூடவே இன்னும் இரண்டு.

இப்போது எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. ஒருமுறை என்றால் தவறு. திரும்பச் சேர்த்ததையும் எடுப்பது என்றால் யாரோ வேண்டுமென்றே செய்கிறார்கள். ஆப்பில் ஒவ்வொரு பாட்டுக்கும் பக்கத்தில் சேர்த்தவர் பெயர் இருக்கும். எடுத்தவர் யார் என்று எங்குமே இல்லை. எவ்வளவு பெரிய அநியாயம் அது! வேலை நேரத்தில் மீட்டிங் ஓடிக்கொண்டிருக்கும்போதே மேசைக்குக் கீழே போனை வைத்துப் பட்டியலை எண்ண ஆரம்பித்தேன். குக்கர் விசிலை விட்டுவிட்டுப் பாட்டை எண்ணினேன். அடுத்த வாரம் முடிவதற்குள் ஒன்பது பாட்டு போயிருந்தன. ஒன்பதும் தமிழ்.

எதிர்வீட்டு அக்கா ஆம்பூர்க்காரர். எங்கள் குழுவில் மூத்தவர். லிஃப்டில் என்னிடம் குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"நான் சொல்றேன்னு நினைக்காத. அவங்க வந்தப்புறம்தானே இதெல்லாம்? கன்னடப் பாட்டு ஒண்ணாவது காணாம போச்சா?"

"சேச்சே, அவங்க அப்படிப்பட்டவங்க இல்லக்கா."

"சரி. அப்ப வேற யாரு, நானா?"

சேச்சே என்று வாயால் சொன்னேனே தவிர, அந்தக் கேள்வி எனக்குள் உட்கார்ந்துகொண்டது. பெங்களூரில் இருபத்தாறு வருடமாக இருக்கிறேன். காய்கறிக் கடையில், ஆட்டோவில், ஆபீசில் கன்னடம் பேசுகிறேன். மொழிச் சண்டைச் செய்தி வந்தால் டிவியை மாற்றிவிடுகிற ஆள். அப்படிப்பட்ட நான் அன்றைக்குப் பூரா, ஒரு பெண் தமிழ்ப் பாட்டாகப் பார்த்துப் பார்த்து அழிக்கிறாள் என்று மனதுக்குள் வழக்கு நடத்திக்கொண்டிருந்தேன்.

மறுநாள் மொட்டைமாடியில், எல்லோரும் இருக்கும்போதே கேட்டுவிட்டேன். தனியாகக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். பட்டியல் பாதியில் முடிந்து, ஆப் தன் இஷ்டத்துக்கு ஒரு சோகப் பாட்டைப் போட்டுவிட்டிருந்தது. அந்த எரிச்சல்.

"தப்பா எடுத்துக்காதீங்க. லிஸ்ட்ல இருந்து பாட்டெல்லாம் போயிட்டே இருக்கு. நீங்க ஏதாவது எடுத்தீங்களா?"

அவர் கையிலிருந்த தண்ணீர் பாட்டிலை மூடினார்.

"நானா? நான் யாக்கே எடுப்பேன்? எதுக்கு?"

"இல்ல, தமிழ்ப் பாட்டு மட்டும்தான் போகுது. அதான்..."

அந்த 'அதான்' என்ற சொல்லைத் திரும்ப வாய்க்குள் இழுத்துக்கொள்ள முடிந்தால் இன்றைக்கும் இழுத்துக்கொள்வேன். அவர் என்னைப் பார்த்தார், எதிர்வீட்டு அக்காவைப் பார்த்தார். "எனக்கு எடுக்க வராது ரீ. சேக்கிறதே மகன்கிட்ட கேட்டுத்தான் சேத்தேன்" என்றார். பாயைச் சுருட்டிக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டார். மதியம் பார்த்தபோது அவருடைய நான்கு பாட்டும் பட்டியலில் இல்லை. மகனிடம் எடுக்கச் சொல்லியிருப்பார் போல.

உண்மை தெரிந்தது அடுத்த சனிக்கிழமை. எனக்கென்று தனியாக ஒரு பட்டியல் உண்டு, சமைக்கும்போது மட்டும் கேட்பது. அதை யாருக்கும் அனுப்பியதில்லை. அன்று ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தபோது, வழக்கமாக இரண்டாவதாக வரும் பாட்டு வரவில்லை. ஈரக்கையோடு போனை எடுத்துப் பார்த்தேன். அங்கேயும் ஆறு பாட்டு குறைந்திருந்தது.

கணவரிடம் காட்டினேன். "இது உன் சொந்த லிஸ்ட்தானே? இதை யார் வந்து தொடப்போறா?" என்றார். சாதாரணமாகத்தான் கேட்டார்.

அடுப்பை அணைத்துவிட்டு ஆப்பின் செட்டிங்க்ஸ் முழுவதையும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். கீழே, யாரும் போகாத ஒரு மூலையில், 'கிடைக்காத பாடல்களையும் காட்டு' என்கிற அர்த்தத்தில் ஒரு பொத்தான் இருந்தது. அது அணைந்து கிடந்தது. தட்டிவிட்டுப் பட்டியலுக்குத் திரும்பினேன். ஒன்பது பாட்டும் அதனதன் இடத்தில் இருந்தன, சாம்பல் நிறத்தில். தொட்டால் பாடாது. எல்லாம் ஒரே கம்பெனி வெளியிட்டவை. இணையத்தில் தேடியபோது விஷயம் தெரிந்தது: அந்தக் கம்பெனிக்கும் ஆப்புக்கும் இருந்த ஒப்பந்தம் முடிந்து, பாட்டுகளை ஒவ்வொன்றாகத் திரும்ப எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். ஒரு செய்தி இல்லை, ஒரு எச்சரிக்கை இல்லை. காணாமல் போனதைக்கூடக் காணாமல் ஆக்கி வைத்திருந்தார்கள். யாரும் எதையும் எடுக்கவில்லை.

வாடிக்கையாளர் சேவைக்கு எழுதினேன். உங்கள் கருத்து எங்களுக்கு முக்கியம் என்று ஒரு நொடியில் பதில் வந்தது. உரிமைகள் மாறும்போது பாடல்களும் மாறக்கூடும், இதே போன்ற வேறு பாடல்களைக் கேட்டு மகிழுங்கள் என்று ஐந்து பாட்டைப் பரிந்துரைத்தார்கள். போனைச் சுவரில் எறியலாம் போல இருந்தது. ஆனால் மாடியில் நான் கேட்ட கேள்வியை அந்த ஆப் கேட்கவில்லையே. கேட்டது நான்.

அன்று மாலையே இரண்டாம் மாடிக்குப் போனேன். அவர் கூடத்தில் உட்கார்ந்து அவரைக்கொட்டை உரித்துக்கொண்டிருந்தார். உள்ளே வரச் சொன்னார், உட்காரச் சொன்னார். சாம்பல் நிறப் பாட்டுகளைக் காட்டி நடந்ததைச் சொன்னேன். மன்னிப்புக் கேட்டேன். போனை வாங்கிக்கூடப் பார்க்கவில்லை அவர்.

"சரி, விடுங்க. மெஷின் பண்ணின வேலை."

"இல்லங்க, தப்பு என்னோடது."

அவர் ஒரு கொட்டையைப் பிதுக்கிப் பாத்திரத்தில் போட்டார். "ஒண்ணு மட்டும் கேக்கிறேன். அஞ்சு பேர் இருந்தோம்தானே? என்னை மட்டும் யாக்கே கேட்டீங்க?"

நானும் ஒரு கொட்டையை எடுத்து உரித்தேன். காபி கொடுத்தார். குடித்துவிட்டு வந்தேன்.

எதிர்வீட்டு அக்காவிடம் விஷயத்தைச் சொன்னபோது, "அப்படியா? நான் சும்மா ஒரு பேச்சுக்குத்தானே சொன்னேன்" என்றார். அவர்மேல் கோபப்படக்கூட எனக்கு யோக்கியதை இல்லை.

பட்டியலைச் சரிசெய்ய மேலும் இரண்டு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தேன். ஒன்பது பாட்டுக்குப் பதில் ஒன்பது கிடைக்கவில்லை. வேகம் பொருந்தினால் நீளம் பொருந்தவில்லை. கன்னடப் பாட்டு நான்கையும் நானே தேடித் திரும்பச் சேர்த்தேன். அவர் குழுவில் ஒரு கட்டை விரல் குறிகூடப் போடவில்லை.

ஒரு மாதம் கழித்து அவர் மறுபடி மாடிக்கு வந்தார். எல்லோருக்கும் சிரித்தபடி வணக்கம் சொல்லிவிட்டு, தொட்டிக்குப் பக்கத்தில் பாயை விரித்தார். பிறகு பையிலிருந்து இயர்போனை எடுத்துக் காதில் மாட்டிக்கொண்டார். நாங்கள் கையை உயர்த்தும்போது அவர் குனிகிறார். நாங்கள் ஓடும்போது அவர் கண்ணை மூடி மூச்சு விடுகிறார். அவர் காதுக்குள் என்ன பாட்டு ஓடுகிறது என்று தினமும் கேட்க நினைக்கிறேன். இன்னும் கேட்கவில்லை.