ரேடார் மூடிக்குள் ஒரு செப்புத் தகடு

போன வாரம் பக்கத்து வீட்டு மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்கு ஒட்டுப் போட்டார்கள். ஃபைபர் துணியை விரித்து அதன்மேல் ரெசினைப் பூசும் வேலை. அந்த நெடி எங்கள் ஜன்னலுக்குள் வந்ததும் என் மனைவி மூக்கைப் பொத்திக்கொண்டு கதவைச் சாத்தினாள். நான் எழுந்துபோய்த் திறந்துவிட்டேன். "இதெல்லாம் ஒரு வாசனையாங்க?" என்றாள். அவளிடம் இதுவரை சொல்லவில்லை. உங்களிடம் சொல்லிவிடுகிறேன்.

இரண்டாயிரங்களின் நடுவில் கீழ்க்கட்டளையில் ஒரு ஃபைபர் பட்டறையில் எனக்கு வேலை. குளியலறைக் கதவு, தண்ணீர்த் தொட்டி, பள்ளிக்கூடங்களுக்குச் சறுக்குமரம், இவைதான் அங்கே செய்வது. எங்கள் வீட்டில் பத்தாவது தாண்டிய முதல் ஆள் நான். எலக்ட்ரானிக்ஸ் இன்ஜினியரிங் படித்துவிட்டுச் சறுக்குமரத்தில் பிசிறு இருக்கிறதா என்று தடவிப் பார்க்கும் உத்தியோகம். பெயர் மட்டும் குவாலிட்டி இன்ஸ்பெக்டர். அஸ்தினாபுரத்திலிருந்து சைக்கிளில் போவேன், சட்டையை உள்ளே விட்டுக்கொண்டு.

அந்தப் பட்டறைக்குத்தான், பெரிய நிறுவனம் ஒன்றின் வழியாக, ரேடார் வேலை வந்தது. விமானத்தின் முதுகில் ஒரு ரேடாரை ஏற்றி, எதிரி விமானம் வெகு தூரத்தில் வரும்போதே கண்டுபிடிக்கும் ஏற்பாடு. அந்த ரேடாருக்கு மேலே வட்டமாக ஒரு மூடி வேண்டும். காற்றும் மழையும் உள்ளே போகக்கூடாது. ரேடார் அலை மட்டும் கண்ணாடியில் வெளிச்சம் போவதுபோலப் போய்வர வேண்டும். அதற்குச் சோதனைத் துண்டுகள் நான்கு செய்து கொடுக்கச் சொன்னார்கள். வெறும் சோதனைத் துண்டுகள். அவை எந்த விமானத்திலும் ஏறப்போவதில்லை.

தாம்பரம் பக்கம் வளர்ந்தவனுக்கு விமானம் அதிசயமில்லை. பயிற்சி விமானங்கள் தலைக்குமேல் சுற்றிக்கொண்டே இருக்கும். நாங்கள் கிரிக்கெட்டை நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்ப்போம். ஆனால் அதில் என் கை பட்ட ஒரு பொருள் போகும் என்று கனவில்கூட நினைத்ததில்லை. தலைகால் புரியவில்லை எனக்கு. சாப்பாட்டு நேரத்தில் எல்லோரையும் உட்காரவைத்து வகுப்பு எடுத்தேன்.

"தரையில இருக்கிற ரேடாருக்கு ரொம்ப தூரம் தெரியாது. பூமி உருண்டை இல்லையா, வளைவுக்கு அந்தப் பக்கம் மறைஞ்சிடும். மேல ஏத்தினா தெரியும்."

"இத்த சொல்றதுக்கு இன்ஜினியரு வேணுமா?" என்றார் ஏழுமலை அண்ணன். "கரைல நின்னா படகு தெரியாது, வெளக்கு கம்பத்து மேல ஏறினா தெரியும். அவ்ளோதான?"

எல்லோரும் சிரித்தார்கள். ஏழுமலை அண்ணன் கோவளத்து ஆள். கடலுக்குப் போய்க்கொண்டிருந்தவர், அப்புறம் ஃபைபர் படகு கட்டப் பழகி, எங்கள் பட்டறைக்கு வந்தவர். அவர் துணி விரித்து ரெசின் பூசினால் உள்ளே ஒரு காற்றுக்குமிழி நிற்காது.

"அந்த பிளேன்ல ஆளு போவானா தம்பி?" என்று கேட்டார்.

"பின்ன? பன்னெண்டு பேர் போவாங்க. நம்ம மூடிய நம்பித்தான்ணா போவாங்க."

எங்கே கேட்டேன், யார் சொன்னார்கள் அந்தப் பன்னிரண்டு? எனக்கே தெரியாது. வாயில் வந்தது. கேட்பவர்கள் வாயைப் பிளந்தால் சொல்பவனுக்கு நாக்கு நீளும் இல்லையா?

உலோகம் உள்ளே போனால் அலை அங்கே தடைப்படும், அந்த இடத்தில் ரேடாருக்குக் குருடு. அதனால் வேலை தொடங்குமுன் மோதிரம், கடிகாரம், அரைஞாணில் கட்டிய தாயத்து எல்லாவற்றையும் ஒரு தட்டில் வாங்கி வைத்தேன். கோயில் உண்டியல் மாதிரி நிறைந்தது. முதலில் கழற்றியவர் ஏழுமலை அண்ணன்தான்.

நான்காவது துண்டு காய்ந்ததும் காசால் தட்டிப் பார்த்தேன். அடுக்குகள் சரியாக ஒட்டியிருந்தால் ஒரே சத்தமாகக் கேட்க வேண்டும். ஒரு மூலையில் மட்டும் சத்தம் செத்துப்போயிருந்தது. மறுபடி தட்டினேன். அப்படித்தான் இருந்தது. வாசலில் லாரி நின்றுகொண்டிருந்தது. "இன்னும் எவ்ளோ நேரம்பா?" என்று முதலாளி டேனியல் சார் குரல் கொடுத்தார். சோதனைத் தாளில் 'சரி' என்று கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

மூன்று வாரம் கழித்துத் துண்டு திருப்பி அனுப்பப்பட்டது. அந்த மூலையில் அலை போகவில்லை என்று அறுத்துப் பார்த்திருக்கிறார்கள். கடிதத்தோடு ஒரு புகைப்படம். கடைசி அடுக்குக்கு அடியில் உள்ளங்கை அகலத்தில் செப்புத் தகடு. அதில் கட்டம் கட்டமாகக் கோடு கிழித்து, கட்டத்துக்கு ஓர் எழுத்து. கோயிலில் மந்திரித்துத் தரும் எந்திரத் தகடு.

ஏழுமலை அண்ணன் என்னைத் தொட்டிகளுக்குப் பின்னால் இழுத்துப் போனார்.

"தம்பி, அது நான் வெச்சது."

"அண்ணா! செம்பு, இரும்பு எதுவும் கூடாதுன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேனே!"

"நீ நம்ம மேல கீறத கயட்ட சொன்ன, கயட்டினேன். இது நம்மளுது இல்ல தம்பி, பிளேனோடது. படகுல நாலு பேரு போறதுக்கே முன்மூக்குல, அணியத்துல தகடு வெச்சி மேல ஃபைபர் போடுவோம். நீ பன்னெண்டு பேருன்ன. மனசு கேக்கல."

"அது பறக்கவே போறதில்லண்ணா. சும்மா சோதனைக்கு."

அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. "பறக்காதா? அப்ப இன்னாத்துக்கு அப்டி சொன்ன?"

அவரே பேசினார். "பொண்ணுக்கு இன்னிக்கோ நாளைக்கோன்னு கீது. ரெண்டு நாளு குடு. நானே சார் கைல சொல்லிக்கிறேன். நீ சொல்லிடாத."

"சொல்ல மாட்டேண்ணா" என்றேன். மனதாரத்தான் சொன்னேன்.

அரை மணி நேரத்தில் டேனியல் சார் என்னைத் தம் அறைக்குக் கூப்பிட்டார். தாளை என் பக்கம் திருப்பினார்.

"கையெழுத்து யாருது?"

"என்னுது சார்."

"வெச்சது யாருன்னு சொல்லு. இல்லன்னா உன் பேரத்தான் எழுதி அனுப்புவேன். அப்புறம் இந்த லைன்ல ஒரு கம்பெனி உன்ன உள்ள விடாது."

கைநாட்டு வைக்கும் என் அப்பா அந்த மாதம் முழுக்கத் தெருவில் ஒருவர் விடாமல் நிறுத்தி, "நம்ம புள்ள ரேடார்ல வேலை செய்யறான்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அதுதான் ஞாபகம் வந்தது. வேறு எதுவும் வரவில்லை. "ஏழுமலை அண்ணன் சார்" என்றேன். எனக்கே கேட்காத குரலில். உடனே சத்தமாக, "அவர் மாதிரி வேலை தெரிஞ்ச ஆள் கிடைக்காது சார், இந்த ஒரு தடவை விட்டுடுங்க" என்றேன்.

"அவனுக்கு வக்காலத்து வாங்காத! வாங்கினா நீயும் வெளிய போ!" என்று அவர் கத்தினார். அறைக்கதவு எங்கள் பட்டறையிலேயே செய்தது. கத்தினால் தெருவரைக்கும் கேட்கும். மெல்லச் சொன்னால் கேட்காது.

மூலையில் சத்தம் செத்திருந்தது எனக்குத் தெரியும் என்பதை மட்டும் சொல்லவே இல்லை. அதைச் சொல்லியிருந்தால் பழி இரண்டாகப் பிரிந்திருக்கும். ஒருவேளை அவரும் பிழைத்திருப்பார்.

அன்று மாலையே அவரைப் போகச் சொல்லிவிட்டார்கள். தூக்குவாளியோடு என்னைத் தாண்டும்போது தோளைத் தட்டி, "வுடு தம்பி" என்றார். குத்திக்காட்டுகிறார் என்று நினைத்துக் குனிந்துகொண்டேன். ரேடார் வேலையும் போயிற்று. ஒரு வருடத்தில் பட்டறையையும் மூடிவிட்டார்கள். எனக்கு வேறு வேலை கிடைத்தது. சாப்பாடு இறங்கியது, தூக்கம்தான் வரவில்லை.

இரண்டு வருடம் பொறுத்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கோவளத்துக்குப் பஸ் ஏறினேன். சொல்ல வேண்டியதை வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு போனேன். அவர் கடலுக்குப் போயிருந்தார். மீன் கூடைக்குப் பின்னால் இருந்த அவர் மனைவி என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீ அந்த ரேடாரு தம்பியா? ஐயய்யோ, வெயில்ல நிக்கிறியே! உன்ன பத்தி பேசாத நாளு கெடையாது. 'எல்லாரும் வாய மூடிகினு கீறானுங்க, அந்தப் புள்ள ஒண்ணுதான் எனக்கோசரம் மொதலாளி கைல திட்டு வாங்கிச்சி'ன்னும். பேரன்கிட்டகூட சொல்லுது, 'படிச்சா அப்டி படிக்கணும்டா'ன்னு. இரு, இப்ப கரைக்கு வந்துடும்."

தூரத்தில் இரண்டு படகுகள் வந்துகொண்டிருந்தன. ஒன்றில் அவர் இருந்திருக்கலாம். "பஸ்ஸுக்கு நேரமாச்சுக்கா" என்று சொல்லிவிட்டு ஓட்டமும் நடையுமாக வந்துவிட்டேன்.

போன வருடம் மறுபடி போனேன், இந்தத் தடவை சொல்லாமல் திரும்புவதில்லை என்று. அந்த வரிசை வீடுகள் ஒன்றுகூட இல்லை. ஏதோ விடுதியின் மதில் ஓடுகிறது. டீக்கடையில் விசாரித்தால், "அவங்கல்லாம் எப்பியோ காலி பண்ணினு பூட்டாங்க சார்" என்றார்கள். எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. உலகத்தில் என்னை யோக்கியன் என்று நம்பிய ஒரு வீடு இருந்தது. அந்த இடத்தில் இப்போது கார் நிறுத்துகிறார்கள்.