உருண்டை எழுத்தில் ரொட்டி

சிலோனில் தேயிலைத் தோட்டத்தில் இன்னும் இருக்கிற நம் சனங்களுக்குச் சொல்கிறேன். திருவண்ணாமலையில் ரொட்டி வேண்டும் என்று கேட்டால், வீட்டில் யாருக்குக் காய்ச்சல் என்பார்கள். இங்கே ரொட்டி என்றால் பேக்கரி பன்னும் பிரெட்டும்தான், நோயாளிக்கு வாங்குவது. நாம் தேங்காய்ப்பூ போட்டுத் தட்டிச் சுடுகிறோமே, அது இவர்களுக்குத் தெரியாது. எனக்கே கடை போட்ட பிறகுதான் இது விளங்கியது.

கப்பலில் வந்த மறு வருஷம், ஆஸ்பத்திரிக்கு எதிரே ஒரு சின்ன இடம் பிடித்து அடுப்பு வைத்தேன். அது ஓடாவிட்டால் மகளுடைய மாமியார் வீட்டில் போய் உட்கார வேண்டும். கூவி விற்கக் கூச்சம். வாயைத் திறந்தால் பேச்சை வைத்தே சிலோன்காரி என்று கண்டுபிடித்துவிடுவார்கள். எனக்குப் பதிலாகப் பேசட்டும் என்று, ‘ரொட்டி’ என்று மட்டும் ஒரு தகரப் பலகை எழுதக் கொடுத்தேன்.

நான் படித்தது மூன்றாம் வகுப்பு. நுனி கூராக, ஒல்லியாக எழுதியிருந்தால் விரல் வைத்துத்தான் படிப்பேன். தோட்டத்துத் தேயிலைப் பெட்டியில் எழுத்து நடுநடுவே அறுந்திருக்கும், தகட்டை வெட்டி மை தடவியது. தேரடித் தெருவில் மிட்டாய்க் கடை, ஐஸ்கிரீம் கடை, பேக்கரி எல்லாவற்றிலும் வேறு மாதிரி. கோடு முழுக்க ஒரே பருமன். முனையே கிடையாது. ‘ட’வின் மூலைகூட வளைந்திருக்கும். மாவைத் திரித்து வளைத்து வைத்தது போல. ஓடுகிற பஸ்ஸிலிருந்தே படிக்கலாம். வக்கீல் வீட்டுப் பலகைக்கு அதை எழுதமாட்டார்கள். நான் அதைத்தான் கேட்டேன்.

“பேக்கரி எழுத்தாக்கா?” என்றார் பெயிண்டர். ஆமாம் என்றேன்.

பலகை மாட்டிய அன்றே கூட்டம். எல்லாம் ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள். எழுத்தே பேக்கரி என்று சொல்லிவிட்டது. கீழ்பென்னாத்தூர்க்காரர் ஒருவர் என் ரொட்டியை விரலால் தட்டிப் பார்த்தார்.

“ஆபரேசன் பண்ண ஆளுக்கும்மா. இத்த துன்னா தையலு பிரிஞ்சிடும்.”

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். பத்து நாளும் இதே கதை. கடையைக் கட்டிவிட்டு வந்துவிடு என்றாள் மகள்.

எழுத்தை ஒல்லியாக்கச் சொல்லிப் பெயிண்டரைக் கூப்பிட்டேன். அவர் தேங்காய்ச் சம்பலோடு இரண்டு ரொட்டி தின்றார்.

“எழுத்து மேல தப்பில்லக்கா. முன்னாடி சிலோன்னு போட்டா ஆஸ்பத்திரிக்காரன் வரமாட்டான், துன்றவன் வருவான்.”

அங்கே இருந்தவரை நம்மை இந்தியாக்காரர் என்றார்கள். இங்கே சிலோன்காரர். அதை மறைக்கத்தானே பலகையே வைத்தேன்? அன்றும் மாவு பாதிக்கு மேல் மிச்சம். போடச் சொன்னேன்.

பலகையில் ‘ரொட்டி’க்கு முன்னால் ஒரு எழுத்துக்குத்தான் இடமிருந்தது. ஒல்லியாக இடுக்கி எழுதட்டுமா என்று கேட்டார்.

“வேணாங்க. அதுவும் குண்டாவே இருக்கட்டும்.”

சுவரிலிருந்து ஆரம்பித்தார். ‘சிலோ’ சுவரில் விழுந்தது, ‘ன்’ பலகைக்கு வந்தது.

இப்போது பதினோரு மணிக்குள் ரொட்டி தீர்ந்துவிடுகிறது. மழை வந்தால், தகரம் துருப்பிடிக்குமே என்று பலகையைக் கழற்றி உள்ளே வைப்பேன். ‘ன் ரொட்டி’ அடுப்புப் பக்கம் என்னோடு இருக்கும். ‘சிலோ’ வெளியே சுவரில் நனைந்துகொண்டிருக்கும்.