படலை வரை வந்த றெஜினா ரீச்சர்

றெஜினா ரீச்சர் காலமான செய்தியை எங்கள் வீட்டுக்குக் கொண்டு வந்தவர் அப்பா. கூப்பன் சாமான் எடுக்கச் சங்கக்கடைக்குப் போய் வந்தவர் சைக்கிளைச் சாத்திவிட்டு, குசினி வாசலில் நின்றபடி அம்மாவிடம் சொன்னார்.

"உந்தச் சனசமூக நிலையத்தில டான்ஸ் பழக்கிற ரீச்சரெல்லே, மோசம் போயிட்டாவாம். மலேரியா மூளைக்கு ஏறிட்டுதாம். அண்டைக்கும் வரிசையில நிண்டு என்னோட கதைச்சவா. பாவம், நல்ல மனுசி."

நான் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். அப்பாவுக்குத் தெரிந்தவரை அந்த ரீச்சர் எனக்கு யாருமல்லர். ஆகவே நான் துருவுவதை நிறுத்தவில்லை. சிரட்டை வரை துருவிவிட்டேன். பால் கறுத்துப் போயிற்று என்று அம்மா பிறகு ஏசினார்.

ரீச்சரின் முப்பத்தோராம் நாள் பூசை முடிந்ததும் சனசமூக நிலையத்தில் கூட்டம் நடக்கும். வகுப்புப் பிள்ளைகள் ஒவ்வொருவரும் ரீச்சரைப் பற்றி எழுதி, கீழே முழுப்பெயர் போட்டுத் தர வேண்டும் என்றும், அவற்றை அங்கே வாசிப்போம் என்றும் தங்கராசா மாஸ்டர் சொல்லியிருக்கிறார். எங்கள் வகுப்பில் மிருதங்கம் வாசிப்பவர் அவர். உடையார்கட்டில் எல்லோரும் அந்தக் கூட்டத்துக்குப் போவார்கள். அப்பாவும் போவார். நான் இரண்டு வருடமாக நடனம் பழகுவது அப்பாவுக்குத் தெரியாது. அதனால்தான் இதை வீட்டில் எல்லோரும் படுத்த பிறகு, ஜாம் போத்தல் விளக்கின் திரியைக் குறைத்து வைத்து எழுதுகிறேன். பயமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் ரீச்சரைத் தெரியாதவர்களும் அங்கே வருவார்கள். அவர்களுக்கு விளங்கும்படி முதலிலிருந்து சொல்கிறேன்.

ரீச்சர் முல்லைத்தீவுக் கரையில் பிறந்தவர். அவருடைய தகப்பனார் கடற்றொழிலாளி. யாழ்ப்பாணத்தில் கன்னியர் மடத்தில் தங்கிப் படித்தபோது பரதம் பழகினார். தொண்ணூற்றாறில் கரையில் இருந்த சனம் எல்லாம் இடம்பெயர்ந்தபோது அவரும் தமக்கையின் குடும்பத்தோடு இங்கே வந்து, கிடுகுக் கொட்டிலில் குடியிருந்தார். திருமணம் செய்யவில்லை. வரும்போது அவர் தூக்கி வந்த சாமான்களில் ஒரு பலகைத் துண்டும் இருந்ததாம். தகப்பனாரின் பழைய வள்ளத்துப் பலகை. அதில் கழியால் தட்டித்தான் எங்களுக்குத் தாளம் போடுவார். மழை நாளில் அந்தப் பலகை உப்பு மணக்கும்.

வகுப்பு தொடங்கிய காலத்தில் சிலர் வாய்க்கு வந்தபடி கதைத்தார்களாம். சேர்ச்சுக்குப் போகிற வேதக்காரிக்கு நடராசரில் என்ன உரித்து என்று ஒருவர் ரீச்சரிடமே கேட்டிருக்கிறார். ரீச்சர் கோபிக்கவில்லை. "நடராசர் ஒரு காலைத் தூக்கி ஆடுறார் ஐயா. உங்கட பிள்ளை ரெண்டு காலையும் இழுத்துக்கொண்டெல்லோ வாறா. முதல் அதைப் பாப்பம், பிறகு உரித்தைப் பற்றிக் கதைப்பம்" என்றாராம். அந்தப் பிள்ளை இப்போது எங்கள் வகுப்பில் மிக நன்றாக ஆடுபவள்.

நான் வகுப்பில் சேர்ந்தது ஒரு பொய்யோடுதான். என் அக்காவும் ஆடுபவள். பள்ளிக்கூட நாட்டிய நாடகம் ஒன்றில் ஆடப் போன அன்று அவள் வீட்டுக்குத் திரும்பவில்லை. மூன்றாம் நாள் அவளுடைய கையெழுத்தில் ஒரு துண்டு வந்தது. இயக்கத்துக்குப் போகிறேன், தேட வேண்டாம் என்று இருந்தது. அப்பா அவளுடைய சலங்கையை அயலில் ஒரு பிள்ளைக்குக் கொடுத்துவிட்டார். "ஆடப் போன பிள்ளை ஒண்டு போதும் எனக்கு" என்றார். அதற்குப் பிறகு வீட்டில் அந்தப் பேச்சே இல்லை.

கணக்கு ரியூசன் நடக்கும் வளவு சனசமூக நிலையத்துக்குப் பின்புறம். செவ்வாய் மட்டும்தான் ரியூசன். ஒரு செவ்வாய்க்கிழமை அது முடிந்து வரும்போது பலகைச் சத்தம் கேட்டு யன்னலடியில் நின்றேன். அடுத்த கிழமையும் நின்றேன். மூன்றாம் முறை ரீச்சர் தட்டுவதை நிறுத்தாமலே என்னைப் பார்த்து, "உள்ள வாரும் பிள்ளை. யன்னலில நிண்டு பழகினால் தலை மட்டும்தான் ஆடும்" என்றார். பிள்ளைகள் சிரித்தார்கள். வீட்டில் சொல்லிவிட்டீரா என்று கேட்டார். ஓம் என்றேன். வகுப்பு நடக்கும் வியாழனும் சனியும் கூட ரியூசன்தான் என்று வீட்டில் சொன்னேன்.

எங்கள் வகுப்பில் கசெற் போடும் ரேப்புக்குப் பற்றரி கிடையாது. தடை என்பதால் வன்னியில் எவரிடமும் பற்றரி இல்லை. மாஸ்டர் தன் சைக்கிளை ஸ்ராண்டில் நிறுத்தி, டைனமோவிலிருந்து ரேப்புக்கு வயர் இழுத்து வைத்திருந்தார். ஆடாமல் இளைப்பாறும் பிள்ளை ஏறி மிதிக்க வேண்டும். மிதிக்கிறவளுக்குக் கால் சோர்ந்தால் பாட்டும் சோரும். பாடகியின் குரல் தடித்து ஆணின் குரலாகிவிடும். "ஐயோ, பாடகிக்கு மீசை முளைக்குது. மிதியும்" என்பார் ரீச்சர். அதையே அவர் ஒரு பயிற்சியாக்கினார். முதற்காலத்துக்கு மெல்ல மிதிக்கச் சொல்வார். இரண்டாங்காலத்துக்கு அதைவிட வேகம். மூன்றாங்காலத்துக்கு இரண்டு பேர் மாறி மாறி மிதிக்க வேண்டும். எங்களில் ஒருத்தி, நல்ல ரேப் இருந்தால் காலம் பிழைக்காது என்று முணுமுணுத்தபோது, "காலம் ரேப்பில இல்லைப் பிள்ளை, காலில இருக்கு" என்றார். இது அவர் அடிக்கடி சொன்ன வசனம். ஆடும்போதும் சொல்வார், மிதிக்கும்போதும் சொல்வார்.

பாட்டு மட்டும் ரீச்சருக்கு வராது. தான் வாய் திறந்தால் கூரையில் இருக்கிற காகம் எழும்பிப் போய்விடும் என்று அவரே சொல்லுவார். அதனால் சொற்கட்டை மட்டும் சொல்வார். பாடவே மாட்டார்.

வகுப்பு முடிந்ததும் அவர் செய்த ஒரு காரியத்தை இங்கே கட்டாயம் எழுத வேண்டும். எங்களை முன்னால் போகவிட்டு அவர் சைக்கிளில் பின்னால் வருவார். ஒவ்வொரு படலையிலும் ஒரு கால் ஊன்றி நிற்பார். பிள்ளை உள்ளே போய், வீட்டில் ஒருவர் "வந்திட்டாள்" என்று குரல் கொடுத்தால்தான் அடுத்த படலைக்குப் போவார். மழையென்றாலும், வானத்தில் பிளேன் சத்தம் கேட்டாலும் அப்படித்தான். இரவில் நடக்கும் எந்த மேடைக்கும் எங்களை அனுப்ப அவர் சம்மதித்ததில்லை. வந்து கேட்டவர்களிடம், பிள்ளைகள் இன்னும் பழகவில்லை என்று ஒரே பதிலைச் சொல்லி அனுப்பினார்.

என் வீட்டுப் படலைக்கு மட்டும் அவர் வந்ததில்லை. அப்பாவுக்கு ஆட்கள் வருவது பிடிக்காது என்று நான் சொல்லியிருந்தேன். வாய்க்கால் மதகடியில் நின்று, நான் உள்ளே போவதை அங்கிருந்தே பார்ப்பார்.

போன வருடக் கடைசியில் சங்கக்கடை வரிசையில் அப்பாவும் ரீச்சரும் அடுத்தடுத்து நிற்க நேர்ந்தது. அப்பா வழமையான கதையில், தன்னுடைய மகள் சனசமூக நிலையத்துக்குப் பின்வளவில் கிழமைக்கு மூன்று நாள் கணக்குப் படிக்க வருகிறாள், எப்படிப் படிக்கிறாளோ தெரியாது என்று என் பெயரையும் சொல்லியிருக்கிறார். நான் வீட்டில் சொல்லவில்லை என்பது ரீச்சருக்கு அப்போதுதான் விளங்கியிருக்கிறது. அன்று அப்பா மிகவும் சந்தோசமாக வீட்டுக்கு வந்தார். "டான்ஸ் ரீச்சர் கூடச் சொல்லுறா, நீ நல்லா எண்ணுவியாம்" என்றார். நான் கணக்குக் கொப்பியை எடுத்து விரித்துக்கொண்டேன்.

அடுத்த வகுப்பில் ரீச்சர் என்னைப் பின்னால் கூப்பிட்டார். அடிப்பார் என்று நினைத்தேன். அக்காவைப் பற்றிக் கேட்டார். சொன்னேன். பலகையைச் சுவரில் சாத்திவைத்துவிட்டு ரீச்சர் சொன்னார்.

"உங்கட அப்பா பயப்பிடுறதில ஒரு பிழையும் இல்லை. நான் தகப்பனா இருந்தாலும் பயப்பிடுவன். நான் அவருக்குப் பொய் சொல்லேல்ல, நீர் தாளம் எண்ணுறதைத்தான் சொன்னனான். ஆனா இன்னொருக்காக் கேட்டால் எண்ணுறது எண்டு தப்பேலாது."

"நீங்கள் சொல்லுவீங்களோ ரீச்சர்?"

"நான் ஏன் சொல்ல? அது உம்மட வாயால வர வேணும். டான்ஸ் பரீட்சை முடியுமட்டும் தவணை தாறன். பிறகு நீர் சொல்லும். அவர் வேண்டாம் எண்டால் வேண்டாம்தான். சொல்லாட்டி, வகுப்புக்கு வராதையும்."

நான் சம்மதித்தேன். பரீட்சை விண்ணப்பத்தில் அப்பாவின் கையெழுத்தை நானே போட்டேன். அது ரீச்சருக்கும் தெரியாது. இன்றுதான் சொல்கிறேன்.

பரீட்சை புதுக்குடியிருப்பில் ஒரு பள்ளிக்கூடத்தில் நடந்தது. அப்பாவிடம் கணக்குப் பரீட்சை என்று சொல்லிவிட்டுப் போனேன். நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து ஜதிஸ்வரம் ஆட வேண்டும். அங்கே ஜெனரேற்றர் இருந்தது. எங்கள் கசெற்றைப் பெரிய ரேப்பில் போட்டார்கள். அது பாடத் தொடங்கியதும் நாங்கள் ஒருவரையொருவர் பார்த்தோம். எங்களுக்குத் தெரிந்த பாடகி நடுத்தர வயதுக்காரி. இது ஒரு சின்னப்பிள்ளை ஓடிக்கொண்டே பாடுவது போல இருந்தது. இரண்டாவது கோர்வையிலேயே கால்கள் பிந்திவிட்டன. ஒருத்தி அழத் தொடங்கினாள். பரீட்சகர் இருவரும் பேனாவைக் கையில் எடுத்தார்கள். நான் ரீச்சரைப் பார்த்தேன். அவருக்கும் அது கேட்டறியாத பாட்டாகத்தான் இருந்தது என்று முகத்தில் தெரிந்தது.

ரீச்சர் எழுந்து போய் ரேப்பை நிறுத்தினார். மண்டபத்தில் பெற்றோர் நிறைய இருந்தார்கள். எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்.

"பிள்ளையளில பிழையில்லை ஐயா. இந்த ஜதிஸ்வரம் நான் இருபது வருசமா ஆடினது. அஞ்சு வருசமா டைனமோவில கேட்டுக் கேட்டு என்ர காது பிந்திப் போச்சு. அது பிந்தினது எனக்கே இப்பதான் தெரியும். பிழை என்ர. என்னைப் பாட விட்டால் பிள்ளையள் ஆடுவினம்."

பரீட்சகர்கள் தமக்குள் பேசிவிட்டு அனுமதி கொடுத்தார்கள். ரீச்சர் வள்ளப் பலகையை மடியில் வைத்துத் தட்டிக்கொண்டு பாடினார். அந்தக் குரலைப் பற்றி அவர் சொன்னதெல்லாம் உண்மை. ஒரு பரீட்சகர் குனிந்து வாயைப் பொத்திக்கொண்டார். ஆனால் முதற்காலத்தில் எங்களைப் பிடித்தவர், கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து, மூன்றாங்காலத்தில் ஜெனரேற்றர் பாட்டின் வேகத்துக்கே கொண்டு போய்விட்டார். நாங்கள் பிந்தவில்லை. பெறுபேறு இன்னும் வரவில்லை.

உழவு இயந்திரப் பெட்டியில் திரும்பி வரும்போது ரீச்சர் எனக்குப் பக்கத்தில் இருந்தார். "கண்டனீரே, சபைக்கு முன்னால என்ர பிழையைச் சொல்லிப்போட்டன். தலை இன்னும் கழுத்திலதான் இருக்கு. இனி உம்மட முறை" என்றார். இறங்கியதும் சனசமூக நிலையத்தில் விட்டிருந்த சைக்கிளை எடுத்துக்கொண்டு, அன்றும் என்னோடு மதகடி வரை வந்து நின்றார். "வியாழன் வகுப்பு. வீட்டில சொல்லிப்போட்டு வாரும்" என்றார். நான் தலையாட்டினேன். அவர் சைக்கிளில் ஒரு கால் ஊன்றியபடி நின்றார். படலைக்குள் போய்த் திரும்பிப் பார்த்தேன். அப்போதும் நின்றார். அதுதான் நான் கடைசியாகக் கண்டது.

வியாழன் வந்தபோது நான் வீட்டில் சொல்லியிருக்கவில்லை. ஆகவே வகுப்புக்குப் போகவில்லை. சனியும் போகவில்லை. ரீச்சருக்கு அந்த வியாழனே காய்ச்சல் தொடங்கிவிட்டதாம். காய்ச்சலோடு வகுப்பு எடுத்தார் என்றும், என்னைத் தேடி, தர்சினி வந்தவளோ என்று கேட்டார் என்றும் பிறகு பிள்ளைகள் சொன்னார்கள். மருந்துத் தட்டுப்பாடு எல்லோருக்கும் தெரிந்தது. ரீச்சரை ஆஸ்பத்திரிக்கு உழவு இயந்திரத்தில் ஏற்றிக்கொண்டு போன நேரம் பிந்திவிட்டது.

செத்தவீட்டன்று வகுப்புப் பிள்ளைகள் பள்ளிச் சீருடையில் பெட்டிக்கு முன்னால் பூ எடுத்துக்கொண்டு போனார்கள். நான் வீதிக்கு மற்றப் பக்கம், பள்ளிக்கூடத்தால் வீட்டுக்குப் போகிறவளைப் போலப் புத்தகப் பையோடு நின்றேன். அப்பாவின் கூட்டாளி ஒருவர் வாசலில் நின்றார். அதனால் நான் உள்ளே போகவில்லை. மாஸ்டர் என்னைக் கண்டார், கூப்பிடவில்லை.

நான் ரீச்சருக்குக் கொடுத்த வாக்கு எனக்கும் அவருக்கும் மட்டும்தான் தெரியும். இப்போது எனக்கு மட்டும்தான் தெரியும். சொல்லாமல் விட்டால் கேட்பதற்கு ஆளில்லை. இதை நினைக்கும்போதுதான் மற்ற எல்லாவற்றையும் விடப் பயமாக இருக்கிறது.

இந்தத் தாள்களை மாஸ்டரிடம் கொடுக்க முன் அப்பாவிடம் கொடுப்பேன். விடிய அவர் வயலுக்கு வெளிக்கிட முதல் கொடுப்பேன். அவர் கோபிப்பார். நடனம் வேண்டாம் என்றால் நான் விட்டுவிட வேண்டும். அப்படித்தான் ரீச்சரும் சொன்னார். கூட்டத்தில் வாசிக்க வேண்டாம் என்று சொன்னாலும் சொல்வார். ஆனால் ஒன்றை அவர் வாசித்து அறிய வேண்டும். ஆடப் போன பிள்ளைகளை ஒவ்வொரு நாளும் வீடு சேர்த்தவர் றெஜினா ரீச்சர். அவருடைய வகுப்பிலிருந்து ஒரு பிள்ளையும் வீடு வராமல் போனதில்லை. அவர் வீடு சேர்த்த பிள்ளைகளில் அப்பாவின் பிள்ளையும் ஒருத்தி.

ரீச்சர், சொல்லிப்போட்டன். போயிட்டு வாங்கோ.

செல்வரத்தினம் தர்சினி
றெஜினா ரீச்சரின் மாணவி