ரங்கூனில் வண்டி மாறிய கல்

கோட்டக்குப்பம் கதீஜா அம்மா காலமான செய்தியைத் திண்டிவனம் நாகலிங்க ஆசாரி விழுப்புரத்துக்கே வந்து சொன்னார். தபாலில் எழுதியிருக்கலாமே என்றேன். “அட்டையில எழுதுற சேதியா சார் இது? அம்மா மவுத்தாயிட்டாங்க” என்று சொல்லிவிட்டு வாசல் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். பட்டறையை மூன்று நாளைக்குப் பூட்டிவிட்டு வந்திருந்தார். பட்டறை என்று ஒன்று அவருக்கு மிஞ்சியதே அந்த அம்மாவால்தான். அம்மாவை அறிந்தவர்கள் கோட்டக்குப்பம் முதல் விழுப்புரம் வரை இருக்கிறீர்கள். தோட்டு வழக்கைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டதில் பாதி நான் பரப்பியது. மீதி நடந்தது. இங்கே நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

முப்பதுகளின் நடுவில் ஒரு நாள், கிளியனூர்ப் பக்கத்து மிராசுதார் ஒருவர் மகள் கல்யாணத்துக்காக வீட்டுத் தோடுகளை வெளியே எடுத்தார். தோட்டுக்கு ஒன்றாக இரண்டு பெரிய சிவப்புக் கற்கள். அவருடைய தகப்பனார் ரங்கூனில் வாங்கி வந்தவை. ஒரு தோட்டில் கல் ஆடியதால் அதை மட்டும் நாகலிங்க ஆசாரியிடம் கொடுத்தார். திரும்பி வந்தபோது அந்தக் கல் வெளிறிப்போயிருந்தது. வீட்டிலிருந்த ஜோடியோ பழையபடி நெருப்புத் துண்டாக ஜொலித்தது. ரங்கூன் கல்லைத் திருடிக்கொண்டு மட்டக் கல்லை வைத்துவிட்டான் என்று புகார் போயிற்று.

விசாரிக்க வந்த ஏட்டிடம் ஆசாரி உண்மையைச் சொன்னார். “கறுத்துப் போச்சுங்க, மாத்திட்டேன்.” கறுத்தது கல்லுக்கு அடியிலிருந்த தகடு; அதை எடுத்துவிட்டு வெள்ளித் தகடு வைத்திருந்தார். ஏட்டு, சொல்லாத சொல்லைச் சேர்த்து எழுதும் பழக்கமில்லாத நேர்மையாளர். ‘மாற்றிவிட்டதாக ஒப்புக்கொண்டான்’ என்று எழுதிக்கொண்டார். எழுவாயும் பயனிலையும் இருந்தால் போதும், செயப்படுபொருள் இல்லாமலே ஒருவனைச் சிறைக்கு அனுப்பிவிடலாம் என்பதை அன்று தெரிந்துகொண்டேன். நான்தான் ஆசாரியின் வக்கீல். தோற்பதில் எனக்கு அப்போதே நல்ல அனுபவம் இருந்தது.

கல்லைப் பற்றிச் சாட்சி சொல்ல ஆள் தேடியபோது எல்லாரும் காட்டியது கோட்டக்குப்பத்தை. கதீஜா அம்மாவின் கணவர் கொழும்பில் கல் வியாபாரம் செய்தவர். அவர் அனுப்பும் பொட்டலங்களைப் பிரித்து, பர்மா எது, கொழும்பு எது, சயாம் எது, சுட்டு நிறம் திருத்தியது எது, இயந்திரத்தில் உருக்கி வார்த்தது எது என்று கூறு கட்டுவது அம்மாவின் வேலை. முப்பது வருஷம் செய்திருந்தார்.

அவர் வீட்டு வாசலில் நின்று நான் ஆசாரியின் நியாயத்தை உணர்ச்சியோடு எடுத்துரைத்தேன். பாதிக் கதவுக்குப் பின்னால் நின்ற அம்மா என் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அது என்னா கல்லுன்னு போட்டுக்கினு இருக்கீங்க தம்பி?”

“கனக புஷ்பராகம். குரு பலத்துக்கு.”

கழற்றி வாங்கி அதன்மேல் வாயால் ஊதினார். படிந்த ஆவி சாவகாசமாக விலகியது. “நெஜக் கல்லா இருந்தா ஜல்தியா வெலகி இருக்கும். இது கண்ணாடி.” பிறகு பூதக்கண்ணாடியை என்னிடம் நீட்டி, உள்ளே இருந்த காற்றுக் குமிழ்களையும் காட்டினார்.

“எறிந்துவிடட்டுமா?”

“கண்ணாடி என்னா பாவம் பண்ணுச்சு? நல்லாத்தான கீது. கண்ணாடின்னு சொல்லிக்கினு போட்டுக்குங்க. பேரை மாத்திச் சொன்னாத்தான் தப்பு.”

சாட்சிக்கு வர ஒப்புக்கொண்டார். ஒரே நிபந்தனை: “ஒங்க ஆளு திருடி இருந்தா அதையும் அங்கயே சொல்லிடுவேன். சம்மதமான்னு கேட்டுக்கினு வாங்க.” ஆசாரியிடம் கேட்டேன். “சொல்லட்டும் சார்” என்றார், யோசிக்காமல். கட்சிக்காரரை நான் நம்பியது அதுவே முதல் தடவை.

திண்டிவனம் கோர்ட்டுக்கு அம்மா ஜட்காவில் வந்து இறங்கினார். வெள்ளைத் துப்பட்டிக்கு வெளியே தெரிந்தவை இரண்டு கண்களும் ஒரு கையும்தான். மரியாதைக்காக ஓர் அறையில் திரை கட்டி வைத்திருந்தார்கள். உள்ளே போனவர் உடனே வெளியே வந்தார். “இருட்டுல கல்லு பேசாதுங்க. வெயிலு வேணும்.” எனவே மாஜிஸ்ட்ரேட், வக்கீல்கள், குமாஸ்தா, பியூன், குற்றம் சாட்டப்பட்டவர் என்று சட்டமே வாசலுக்கு வந்து வெயிலில் நின்றது.

தகராறான கல்லைத் தோட்டிலிருந்து கழற்றி வைத்திருந்தார்கள். அம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “கல்லு நெஜம். கொழும்புக் கல்லு. உள்ள பட்டு நூலாட்டம் ஓடுது பாருங்க, நீட்டு நீட்டா. பர்மான்னா நூலு குட்டையா, நெருக்கமா இருக்கும்.”

எதிர் வக்கீல் சிரித்தார். “எங்கள் கல் ரங்கூனில் வாங்கியது. இது கொழும்பு என்றால், மாற்றியது ருசுவாகிவிட்டதே!”

ஆசாரி என்னைப் பார்க்கவில்லை, அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“நீங்க எங்க ரயிலு ஏறி வந்தீங்க?” என்று எதிர் வக்கீலைக் கேட்டார் அம்மா.

“விழுப்புரத்தில்.”

“அப்போ விழுப்புரத்துக்காரரா?”

“கும்பகோணம். விழுப்புரத்தில் வண்டி மாறினேன்.”

“கல்லும் அப்பிடித்தாங்க. ரங்கூன்ல வண்டி மாறி வந்துருக்குது. வந்த ஊரு வேற, பொறந்த ஊரு வேற.”

பிறகு, வீட்டிலிருந்து வந்த சிவந்த தோட்டை ஏந்தினார். அது அரக்கு வைத்து மூடிக் கட்டியது. பின்பக்கம் தெரியாது. “இதும் கொழும்புதான். பிரிச்சா இதும் வெளுப்பு. ரெண்டும் ஒரே கட்டியில அறுத்தது. அந்தக் கல்லுல ஒரு கீறலு ஓரத்துல வந்து அந்துபோவுது. மிச்சக் கீறலு இதுல இருக்கும். இல்லன்னா நான் இனிமே கல்லைத் தொட மாட்டேன்.”

கல்யாணத் தோட்டைப் பிரிக்கக் கூடாது என்று எதிர் வக்கீல் தடுத்தார். மாஜிஸ்ட்ரேட்டுக்குத் தலை காய்ந்துகொண்டிருந்தது. “பிரியுங்கள்” என்றார்.

பிரித்தவர் மிராசுதாரே விழுப்புரத்திலிருந்து அழைத்து வந்த ஆசாரி. அரக்கைச் சூடு காட்டி இளக்கிக் கல்லை எடுத்தார். அடியிலிருந்த தகடு, வெற்றிலை போட்ட நாக்கைப் போல் சிவந்திருந்தது. அதைவிட்டுப் பிரிந்த கல் வெளிறிய ரோஜா நிறத்தில் உள்ளங்கையில் கிடந்தது. அம்மா இரண்டையும் ஓரத்தோடு ஓரமாகச் சேர்த்தார். கீறல், ஒரு கல்லில் புறப்பட்டு மறு கல்லுக்குள் போய் முடிந்தது. மாஜிஸ்ட்ரேட் பூதக்கண்ணாடியை நெடுநேரம் தரவில்லை. பிறகு பியூனுக்கும் ஒரு தடவை கொடுத்தார். எதிர் வக்கீல் தானாகக் கேட்டு வாங்கிப் பார்த்தார்.

“நான் தகட்டைத்தான் எசமான் சொன்னேன்” என்றார் நாகலிங்க ஆசாரி. வாக்கியத்தில் செயப்படுபொருள் வந்து சேர்ந்தது. வழக்கு தள்ளுபடியாயிற்று.

மிராசுதார் நின்ற இடத்திலேயே நின்றார். “எங்கப்பாவை ஏமாத்திட்டானுங்களே.”

“கல்லு பொய்யில்லீங்க, ஊருதான் பொய்யி” என்றார் அம்மா. “ரெண்டுக்கும் வெள்ளித் தகடே வையுங்க. கொழும்புக் கல்லுன்னு சொல்லிப் பொண்ணு காதுல போடுங்க.” அதை வைத்துக் கட்டும் வேலையை மிராசுதார் நாகலிங்க ஆசாரியிடமே கொடுத்தார். மணப்பெண்ணின் காதில் அந்த வெளிறிய ஜோடியைப் பார்த்துவிட்டு, அந்த வருஷம் கிளியனூர்ப் பெண்கள் பலர் தங்கள் தோடுகளின் சிவப்புத் தகட்டை எடுத்துவிடச் சொல்லி அவர் பட்டறை வாசலில் நின்றார்கள். உண்மை நாகரிகமாக இருந்த வருஷம் எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான்.

செய்தி கொண்டுவந்த அன்று ஆசாரி என் விரலைப் பார்த்தார். “அம்மா ஞாபகமா நல்ல புஷ்பராகம் ஒண்ணு கட்டித் தர்றேன். அதைக் கழட்டுங்க சார்.” நான் கழற்றவில்லை. புஷ்பராகமாக இருந்தவரை அது எனக்கு ஒரு வழக்கையும் ஜெயித்துத் தந்ததில்லை. கண்ணாடியான பிறகுதான் ஜெயிக்க ஆரம்பித்தேன். அம்மாவிடமிருந்து என்னிடம் தங்கியிருப்பது அந்த மோதிரமும், அதன் சரியான பெயரும்.

மறுநாள் காலை கெடாரிலிருந்து வந்த புதுக் கட்சிக்காரர் ஒருவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்னா கல்லு சார் அது?”

“கண்ணாடி” என்றேன்.

அவர் சற்று யோசித்தார். “எந்த ஊரு கண்ணாடிங்க?”

“பிறந்த ஊர் தெரியாது. கோட்டக்குப்பத்தில் வண்டி மாறியது.”