இரண்டாம் பத்தி மறுக்கப்படுகிறது

இருபத்தெட்டு வருஷமாகத் திருச்சி சிவில் கோர்ட்டில் பிரதிவாதிகளுக்காக மட்டுமே ஆஜராகிறேன். என் தொழிலின் சூட்சுமம் ஒரே சொல்தான்: மறுக்கப்படுகிறது. வழக்குப் போட்டவர் எழுதியதில் எதை நாம் மறுக்காமல் விடுகிறோமோ, அதை ஒப்புக்கொண்டதாகக் கோர்ட் எடுத்துக்கொள்ளும். அதனால் பத்தி பத்தியாக எல்லாவற்றையும் மறுத்துவிடுவேன். துவாக்குடிக் கட்சிக்காரர் ஒருவருக்காக, சம்பவத்தன்று மழை பெய்தது என்பதைக்கூட மறுத்திருக்கிறேன். அன்று நானே தொப்பலாக நனைந்துதான் வீட்டுக்குப் போனேன்.

சில வருஷங்களாக வாரம் இரண்டு நாள் கோர்ட்டின் சமரச மையத்தில் மத்தியஸ்தராகவும் உட்காருகிறேன். சண்டைக்காரர்களை எதிரெதிரே உட்காரவைத்து, "இங்க யாரும் ஜெயிக்கவும் வேண்டாம், தோக்கவும் வேண்டாம். மனசு விட்டுப் பேசுங்க" என்று சாந்தமான முகத்தோடு சொல்வேன். மதியத்துக்கு மேல் கவுனை மாட்டிக்கொண்டு மறுபடி மறுக்கப் போய்விடுவேன்.

இந்த அழகில் என் மேலேயே ஒரு வழக்கு வந்தது. போட்டவள் என் அக்கா.

ஸ்ரீரங்கத்தில் அப்பா விட்டுப்போன வீட்டில் கீழ்ப்பகுதி அவளுக்கு, மாடி எனக்கு. நான் புத்தூரில் இருப்பதால் மாடியை வாடகைக்கு விட்டிருந்தேன். அக்கா வடாம் காயவைக்க நினைத்த நேரத்துக்கெல்லாம் மொட்டைமாடிக்கு ஏறுகிறாள் என்று குடித்தனக்காரர் புகார் சொன்னார். அக்காவிடம் ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். நான் மொட்டைமாடிக்கு ஏறும் மாடிப்படிக் கதவுக்குப் பூட்டுப் போட்டேன். அவள் கோர்ட்டுக்குப் போனாள்.

பதிலுரையை நான் சொல்லச் சொல்ல டைப்பிஸ்ட் அம்மா அடித்தார். "பத்தி ஒன்று மறுக்கப்படுகிறது. பத்தி இரண்டு மறுக்கப்படுகிறது. அதை வாதியே தக்க சான்றுகளோடு நிரூபிக்க வேண்டும்."

அந்த அம்மா விரலை நிறுத்தினார். "சார், ரெண்டாவது பத்தியுமா?"

"எல்லாம்தாம்மா. அடிங்க."

அடுத்த கேஸுக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். படித்துப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டேன். அக்காவின் வழக்கு மனுவில் இரண்டாம் பத்தியில் இருந்தது ஒரே வரி: வாதி, பிரதிவாதியின் உடன்பிறந்த அக்கா.

நீதிபதி எங்களைச் சமரச மையத்துக்கு அனுப்பினார். நான் உட்காரும் நாற்காலியில் என்னைவிட வயதில் குறைந்த பெண் வக்கீல் ஒருவர் உட்கார்ந்து, என்னுடைய வசனத்தையே எனக்குச் சொன்னார். மனசு விட்டுப் பேச வேண்டுமாம். கேட்கவே எரிச்சலாக இருந்தது.

அக்கா என் பக்கம் திரும்பவில்லை. கட்டைப்பையிலிருந்து என் பதிலுரையை எடுத்து மேஜைமேல் வைத்தாள். 'பத்தி இரண்டு மறுக்கப்படுகிறது' என்ற வரியின்மேல் மட்டும் பச்சை மார்க்கர் பூசியிருந்தது.

"மேடம், மாடிப்படி எனக்கு வேண்டாம். வடாத்தைக் கடையில வாங்கிக்கிறேன். நான் இவனுக்கு அக்கா இல்லைன்னு எழுதியிருக்கான். நிரூபிக்கணுமாம். நிரூபிக்க வந்திருக்கேன்."

"அது சும்மா வழக்கமா எழுதறது அக்கா..." என்று ஆரம்பித்தேன்.

"நீங்க இருங்க சார்," என்றார் மத்தியஸ்தர். நானும் எத்தனையோ பேரை இப்படி அடக்கியிருக்கிறேன்.

அக்கா முதலில் பழைய ரேஷன் கார்டை எடுத்து வைத்தாள். அடுத்து, ஓரம் கிழிந்த ஒரு ரேங்க் கார்டு. ஐந்தாம் வகுப்பு, என் பெயர், கணக்கில் பன்னிரண்டு மார்க். கீழே அப்பாவின் கையெழுத்து.

"அது அப்பா போட்டதில்ல மேடம். அடி விழும்னு குளியலறைக்குள்ள உட்கார்ந்து அழுதான். நான்தான் போட்டேன். இன்னிக்கு வரைக்கும் யார்கிட்டயும் சொன்னதில்ல."

இருபத்தெட்டு வருஷப் பழக்கம் விடுமா? இது போலி ஆவணம், சான்றாக ஏற்கக்கூடாது, வாதியே குற்றத்தை ஒப்புக்கொள்கிறார் என்றெல்லாம் மனசுக்குள் ஓடியது. அந்தக் கையெழுத்தைப் பார்த்தேன். அப்பா பெயரின் கடைசி எழுத்தில் சுழியை மறந்துவிட்டு, பிறகு பக்கத்திலேயே நெருக்கிச் சேர்த்திருந்தாள். அவளுக்கு அப்போது பதின்மூன்று வயது. வெட்கத்தில் எங்கே பார்ப்பதென்றே தெரியவில்லை.

"சார், இந்த ஆவணத்தை ஒப்புக்கறீங்களா?" என்றார் மத்தியஸ்தர்.

"ஒப்புக்கறேன்," என்றேன். கோர்ட் வளாகத்துக்குள் அந்தச் சொல்லை நான் சொன்னது அதுவே முதல்தடவை. மத்தியஸ்தர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, சமரச ஒப்பந்தத்தில் அவள் என் உடன்பிறந்த அக்கா என்பதை முதல் நிபந்தனையாகவும், மாடிப்படிச் சாவியை அவளிடம் கொடுப்பதை இரண்டாவதாகவும் எழுதினார்.

"சாவி வீட்ல இருக்கு. அடுத்த வாய்தாவுக்குக் கொண்டு வரேன்," என்றேன், வாய் தவறி.

"வாய்தாவும் கிடையாது ஒண்ணும் கிடையாது. வண்டிய எடு," என்றாள் அக்கா.

ஸ்கூட்டரின் பின்னால் கட்டைப்பையோடு ஏறிக்கொண்டாள். புத்தூர் போய்ச் சேரும்வரை பள்ளங்களில் வண்டி குலுங்கும்போதெல்லாம் என் தோளை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

வீட்டு வாசலில் இரண்டு பேர் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டு, அடுக்களையிலிருந்தே என் மனைவி குரல் கொடுத்தாள்.

"கூட யாருங்க வந்திருக்காங்க?"

அக்கா உள்ளே வரவில்லை. படியிலேயே நின்று என் முகத்தைப் பார்த்தாள்.

"எங்க அக்கா," என்றேன். அதற்குப் பிறகுதான் அவள் உள்ளே வந்தாள்.